இரண்டு மணி நேர வெயில்

அத்தியாயம் 17

வெயிலில் நிற்காதீர்கள், நிற்காதீர்கள் என்று ஐந்து மாதமாகத் தலைதலையாக அடித்துக்கொண்ட டாக்டர், இன்றைக்குக் காலை பத்து மணிக்கு அதே வாயால், “நேரா போய் வெயில்ல உக்காருங்க. முழுசா ரெண்டு மணி நேரம். தொப்பி கிப்பி எதுவும் கூடாது” என்று சொன்னால் ஒரு குடும்பத்துக்கு எப்படி இருக்கும்?

அப்பாவுக்குக் குஷி தாங்கவில்லை. “பாத்தியா, டாக்டரே சொல்லிட்டாரு” என்று மகளைப் பார்த்துக் கண்ணடித்தார். இருபத்தாறு வருஷமாகத் தொப்பியைத் தொடாத மனுஷன், இன்றைக்குத்தான் நல்ல பிள்ளையாக, அம்மா வாங்கி வைத்திருந்த அகல விளிம்புத் தொப்பியைக் கையோடு கொண்டுவந்திருந்தார். அது இப்போது அவர் மடியில் சும்மா கிடந்தது.

போன வாரம் நடந்ததை ஒரு எட்டு பார்த்துவிட்டு வந்துவிடலாம். அப்பா கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவர். கற்றுக்கொள்கிறவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கிவிட்டு, முழங்கையை வெளியே நீட்டிக்கொண்டு, காலுக்கடியில் தனக்கென்று இருக்கிற இன்னொரு பிரேக்கில் பாதத்தை வைத்தபடியே பாதி ஆயுளைக் கழித்தவர். வெயில் பட்டால் கறுக்காமல் சிவக்கிற தோல். அதனால் ஊரெல்லாம் அவருக்குத் தக்காளி மாஸ்டர் என்று பெயர். வழுக்கைத் தலையிலும், இடது கன்னத்திலும், இடது காதிலும் சொரசொரவென்று திட்டுத் திட்டாக வந்திருந்தது. வலது பக்கம் மழுமழுவென்று இருந்தது. டாக்டர் பார்த்தவுடனே, “ஜன்னல் பக்கம் உக்கார்ற வேலையா?” என்றுதான் முதலில் கேட்டார்.

அதைக் கண்டுபிடித்தது கண் இல்லை, விரல். மகள் மணப்பெண்களுக்கு ஒப்பனை செய்கிறவள். வீட்டில் அவளுக்குப் பவுடர் என்று பெயர். போன வருஷம் அப்பாவின் டிரைவிங் பள்ளியின் புதுப் பலகைக்குப் படம் எடுக்க அப்பா முகத்தில் லேசாகப் பூசிவிட்டபோது பஞ்சு ஓர் இடத்தில் மாட்டி இழுத்தது. தடவிப் பார்த்தாள். உப்புத்தாள் போல் இருந்தது. “அப்பா, இது வெறும் வறட்சி இல்ல” என்று அன்றைக்கே சொல்லிவிட்டாள்.

இது ஒரு கதை. இன்னொரு கதை அம்மாவுடையது. மாஸ்டர் பெண்டாட்டிக்குக் கார் ஓட்டத் தெரியாது என்று இருபது வருஷமாக ஊர் சிரித்துக்கொண்டிருந்ததே, அந்த அம்மா நாலு மாதமாக யாருக்கும் தெரியாமல் கற்றுக்கொண்டிருந்தாள். அதுவும் யாரிடம்? அப்பாவின் நேர் எதிரியான பச்சைக்கார் மாஸ்டரிடம். தெரு முனையில் பச்சைக் காரிலிருந்து அம்மா இறங்கியதை அப்பா பார்த்துவிட்டார் என்பதோடு போன வாரம் நிறுத்தியிருந்தோம். அன்றிலிருந்து அவர் அம்மாவோடு நேரடியாக ஒரு வார்த்தை பேசவில்லை. இன்றைக்கு அப்பாவுக்குச் சிகிச்சை. இன்றைக்கேதான் அம்மாவுக்கு லைசென்ஸ் தேர்வும்.

கிளினிக்கில் நர்ஸ் முதலில் ஒரு வெயில் க்ரீமைப் பூசினாள். காய்ந்ததும் திட்டுகளின் மேல் பொருக்கை மெல்லச் சுரண்டினாள். அதற்கு மேல் மருந்தை மெல்லிசாகத் தடவினாள். தலையும் கன்னமும் பார்க்கச் சகிக்காமல் சிவந்துவிட்டன.

டாக்டர் சொன்னார்: “இந்த மருந்து கெட்டுப்போன தோலுக்குள்ளதான் அதிகமா இறங்கும். வெளிச்சம் பட்டாத்தான் வேலை செய்யும். பாதி வேலை மருந்து, மீதி வேலை வெளிச்சம். இந்தத் திட்டு எல்லாமே புற்றுநோயா மாறும்னு நான் சொல்லல. ஆனா எது மாறும், எது மாறாதுன்னு பாத்துச் சொல்ல முடியாது. அதனால எல்லாத்தையும் போக்கிடுவோம். இன்னைக்கு விட்டா அடுத்த தேதி ரெண்டரை மாசம் கழிச்சுத்தான். அதுக்குள்ள மழைக்காலம் வந்துடும்.”

பவுடர் இதுவரைக்கும் கேட்டாள். அதற்குள் அவள் போன் அடித்தது. மறுநாள் கல்யாணப் பெண், தானே புருவம் திருத்தப் போய் ஒற்றைப் புருவத்தோடு அழுதுகொண்டிருந்தாள். பவுடர் வராந்தாவுக்கு ஓடினாள். அவள் அங்கே நின்று, “அழாதம்மா, வரைஞ்சு தர்றேன்” என்று தேற்றிக்கொண்டிருந்த நேரத்தில்தான் நர்ஸ் உள்ளே முக்கியமான இரண்டு விஷயங்களைச் சொன்னாள். அம்மா கவனமாகக் கேட்டாள். அப்பா தலையை ஆட்டினார். தலையை ஆட்டுவதும் கேட்பதும் ஒன்றில்லை என்பது அப்பாவின் மாணவர்கள் அத்தனை பேருக்கும் தெரியும், அப்பாவுக்குத்தான் தெரியாது.

தேர்வு மைதானம் கால் மணி நேரத் தூரம். திறந்த வெளி, ஓரத்தில் பெஞ்சுகள். அப்பா அங்கே உட்கார்ந்து வெயில் காய வேண்டியது, அம்மா தன் முறை வந்ததும் காரை ஓட்டிக் காட்ட வேண்டியது என்று ஏற்பாடு. ஒரே கல்யாணச் செலவில் இரண்டு கல்யாணம் நடத்துகிற மாதிரி பவுடருக்கு ஒரே உற்சாகம்.

முன்னும் பின்னும் ‘எல்’ ஒட்டிய காரை அம்மாதான் ஓட்டினாள். அப்பா இடப்பக்கம்.

“பவுடர், மூணாவது கியருக்கு மாத்தச் சொல்லு” என்றார் அப்பா.

“அம்மா, மூணாவது கியர்.”

“காது கேக்குது. நாப்பது தாண்டட்டும்னு உங்கப்பாகிட்ட சொல்லு.”

“அப்பா, நாப்பது தாண்டட்டுமாம்.”

“எல்லாம் பச்சைக்கார் பாடம்” என்று அப்பா ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்.

மைதானத்தில் இறங்கும்போது மணி பத்தரை. அம்மா வரிசையில் காரை நிறுத்தப் போய்விட்டாள். அப்பா பெஞ்சில் உட்கார்ந்து ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, பழைய மாணவர்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

“என்ன மாஸ்டர், தலையில வெந்நீர் ஊத்திட்டீங்களா?”

“தக்காளி இன்னைக்கு ரொம்பப் பழுத்துடுச்சு போலிருக்கே.”

அப்பா சிரித்தார். ஆனால் அவர்கள் நகர்ந்ததும் போன் திரையில் தன் முகத்தைப் பார்த்தார். தூரத்தில் பச்சைக்கார் மாஸ்டர் வெள்ளைச் சட்டையில் மடிப்புக் கலையாமல் நின்றுகொண்டிருந்தார். இன்றைக்கு அந்த ஆள் முன்னாலா இப்படி உட்கார வேண்டும்?

“பவுடர்,” என்றார் மெதுவாக. “உன் பெட்டியில இதுக்கு ஏதாவது இருக்கா?”

பவுடருக்கு அப்பாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. “வேற எதுவும் போடக் கூடாதுன்னு சொன்னாங்களா?”

“ஏதோ சொன்னா அந்த நர்ஸ். ஒரு துளி போட்டா என்ன குடியா முழுகிடும்?”

அவளிடம் நிறம் கலந்த வெயில் க்ரீம் ஒன்று இருந்தது. வெயிலில் மணிக்கணக்கில் நிற்கிற மணப்பெண்களுக்கு அவள் போடுகிற உயர்ந்த ரகம். இதுவும் வெயிலைத் தடுக்கிறதுதானே, நல்லதுதான் என்று நினைத்தாள். தேய்க்காமல், அழுத்தாமல், பஞ்சின் நுனியால் ஒற்றி ஒற்றி வைத்தாள். நாலே நிமிஷம். சிவப்பு இருந்த இடம் தெரியவில்லை. பத்து வயது குறைந்துவிட்டார் அப்பா. தன் கைவேலையைப் பார்த்துத் தானே மெச்சிக்கொண்டாள் பவுடர்.

பச்சைக்கார் மாஸ்டர் வந்தார். “வணக்கம் மாஸ்டர். பக்கத்துல உக்காரலாமா?”

“பெஞ்சு அரசாங்கத்தோடது” என்றார் அப்பா.

அவர் உட்கார்ந்தார். இரண்டு பேரும் நேராகப் பார்த்தபடி இருந்தார்கள். பதினொன்று பத்துக்கு அம்மாவின் எண் அழைக்கப்பட்டது. தேர்வு அதிகாரி ஒரு பெண்மணி, சிரிப்பு என்றால் என்ன விலை என்று கேட்கிற முகம். இடப்பக்கம் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள்.

பவுடர் அப்பா காலைப் பார்த்தாள். செருப்புக்குள் அவர் வலது பாதம் மண்ணை அழுத்திக்கொண்டிருந்தது.

முதலில் மேடு. மேட்டின் நடுவில் நிறுத்தி, பின்னால் உருளாமல் மறுபடி எடுக்க வேண்டும். அம்மா நிறுத்தினாள். எஞ்சின் உறுமியது. கார் ஒரு விரல்கடை பின்னால் வந்தது. அப்பாவின் பாதம் மண்ணுக்குள் இறங்கியது. கார் நின்றது, முன்னால் ஏறியது, மேட்டைத் தாண்டியது.

“கைப் பிரேக்கை விட்டது ஒரு செகண்டு முந்தி” என்றார் அப்பா.

“அக்காவுக்கு அவசரம் ஜாஸ்தி” என்றார் பச்சைக்கார் மாஸ்டர்.

“அது பிறவிக் குணம். நான் முப்பது வருஷமா பாக்கிறேன்.”

அடுத்தது கம்பங்களுக்கு நடுவே பின்னால் போவது. இங்கேதான் பாதிப் பேர் தோற்பார்கள். அன்றைக்குக் காலையிலேயே மூன்று பேர் கம்பத்தைத் தட்டிவிட்டு முகம் தொங்கப் போனதைப் பவுடர் பார்த்திருந்தாள்.

“இப்ப ரெண்டு சுத்து சுத்தணும்” என்று அப்பா முணுமுணுத்தார்.

“ஒண்ணரை. நான் ஒண்ணரைன்னுதான் சொல்லிக் குடுத்திருக்கேன்.”

“ஒண்ணரை சுத்துனா பின்னாடி இடிக்கும்யா.”

“உங்க பழைய காருக்கு ரெண்டு. இதுக்கு ஒண்ணரை போதும் மாஸ்டர்.”

“என் காரைப் பத்தி எனக்குச் சொல்லித் தர்றியா?”

கார் வளைந்தது. பின்பக்கம் கம்பத்துக்கு அருகே, அருகே, மிக அருகே வந்தது. அப்பாவின் கை தானாகப் போய் எதிரியின் மணிக்கட்டைப் பிடித்தது. எதிரி கையை உதறவில்லை. அவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தார். கம்பத்துக்கும் காருக்கும் நடுவில் ஒரு புத்தகம் நுழைகிற இடைவெளியில் அம்மா நுழைந்து, நேராக்கி, நிறுத்தினாள்.

“ஒண்ணரை” என்றார் பச்சைக்கார் மாஸ்டர்.

அப்பா உதட்டைப் பிதுக்கினார். மணிக்கட்டை மட்டும் விடவில்லை.

பதினொன்று முப்பத்தைந்துக்கு அலுவலக ஜன்னலில் தேறியதற்கான சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்கள். நிரந்தர லைசென்ஸ் தபாலில் வரும்வரை அந்தச் சீட்டே போதும். அம்மா அதைக் கையில் பிடித்துக்கொண்டு மைதானத்தின் குறுக்கே ஓடி வந்தாள். ஐம்பத்திரண்டு வயதில் அம்மா ஓடி பவுடர் பார்த்ததே இல்லை. வரும் வழியிலேயே காரின் பின்னாலிருந்த ‘எல்’லை உரித்துக் கையில் எடுத்துக்கொண்டாள்.

அந்த ‘எல்’லுக்கு ஒரு வழக்கம் உண்டு. அந்த ஊர் மைதானத்தில் தேறியவர்கள் அதை உரித்து, கற்றுக்கொடுத்தவர் கையில் கொடுப்பார்கள். அப்பாவின் அலுவலகச் சுவர் முழுக்க அப்படி வாங்கி ஒட்டியவைதான். இப்போது அம்மா வருகிறாள். பெஞ்சில் இரண்டு மாஸ்டர்கள் இருக்கிறார்கள். யார் கையில் கொடுக்கப்போகிறாள்? பவுடர் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அம்மா பெஞ்சுக்கு முன்னால் வந்து நின்றாள். மூச்சு வாங்கியது. ‘எல்’லை யாரிடமும் கொடுக்கவில்லை. அப்பா முகத்தையே பார்த்தாள். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

“ஏங்க,” என்றாள். “உங்க மூஞ்சி ஏன் இவ்வளவு நல்லா இருக்கு?”

நாலு நாளைக்குப் பிறகு நேராக வந்த முதல் வார்த்தை அது. அப்பா திருதிருவென்று விழித்தார்.

“கிளினிக்லேருந்து வரும்போது ரத்தச் சிவப்பா இருந்தீங்க. இப்ப மாப்பிள்ளை மாதிரி உக்காந்திருக்கீங்க. சிவப்பு எங்க போச்சு?” அம்மாவின் கண் பெஞ்சில் திறந்து கிடந்த ஒப்பனைப் பெட்டிக்குப் போனது. பிறகு பவுடரிடம் வந்தது. “என்னடி போட்டே?”

“வெயில் க்ரீம்தாம்மா. நல்லதுதான். நிறம் மட்டும்…”

“நர்ஸ் என்ன சொன்னா? நாங்க பூசினதைத் தவிர வேற வெயில் க்ரீம் கூடாது, வெள்ளையா இருக்கிறதும் நிறமா இருக்கிறதும் கூடவே கூடாது, அது வெளிச்சத்தை மறைச்சுடும், மருந்து வேலையே செய்யாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னாளே. நீ எங்கடி போனே?”

ஒற்றைப் புருவத்திடம் போயிருந்தாள். பவுடர் போனில் மணி பார்த்தாள். ஒரு மணி நேரம். அப்பா ஒரு மணி நேரமாக வெயிலில் காய்ந்தது முழுக்க வீண். பாழாக்கியது அவள் கை. நோயைக் கண்டுபிடித்த அதே கை.

“அவளைத் திட்டாதே” என்றார் அப்பா, அம்மாவைப் பார்த்தே. “நான்தான் கேட்டு வாங்கிப் போட்டுக்கிட்டேன். நர்ஸ் சொன்னது என் காதுலயும்தான் விழுந்துச்சு.”

பவுடர் கிளினிக்குக்குப் போன் போட்டாள். நர்ஸ் முதலில் “ஐயோ” என்றாள். அப்புறம், “தொடாதீங்க, துடைக்காதீங்க, உடனே கூட்டிட்டு வாங்க. டாக்டர் ஒரு மணிக்குக் கிளம்பிடுவாரு. மறுபடி பூசினாலும் ரெண்டு மணி நேரம் வெளிச்சம் வேணும். மூணு மணிக்கு மழைன்னு சொல்லியிருக்காங்க” என்றாள்.

மணி பதினொன்று நாற்பது. மேற்கே ஒரு கறுப்பு மேகம் ஏற்கெனவே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

அப்பா சாவிக்குக் கை நீட்டினார். நீட்டியவர் கண்ணை மூடிக்கொண்டார். நெற்றி வேர்வையோடு க்ரீமும் மருந்தும் வழிந்து கண்ணுக்குள் இறங்கியிருந்தன. இரண்டு கண்ணும் எரிந்து நீராகக் கொட்டின. பவுடர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கண்ணை மட்டும் கழுவிவிட்டாள். எரிச்சல் நிற்கவில்லை. பவுடருக்கு ஓட்டத் தெரியாது, அவள் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அப்பா சொல்லிச் சொல்லி அலுத்தது தனிக் கதை.

“மாஸ்டர், என் வண்டியில ஏறுங்க” என்றார் பச்சைக்கார் மாஸ்டர். “பத்து நிமிஷத்துல கொண்டு விடுறேன்.”

அப்பா கண்ணைத் திறக்க முடியாமல் நின்றார். அம்மா சொன்னாள்: “வேண்டாம் தம்பி. நான் ஓட்டுறேன்.”

“சீட்டு வாங்கி அஞ்சு நிமிஷம் ஆகல” என்றார் அப்பா.

“போன வருஷம் ரெண்டு தடவை தோல் டாக்டருக்குத் தேதி வாங்கினேன். ரெண்டு தடவையும் வகுப்பு இருக்குன்னு நீங்க போகல. கூட்டிட்டுப் போக எனக்கு வழி தெரியல. உங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகத்தாங்க நான் வண்டியே கத்துக்கிட்டேன். உங்ககிட்ட கத்துக்கிட்டா எதுக்குன்னு கேப்பீங்க. அதான் இவர்கிட்ட போனேன். ஏறுங்க.”

அப்பா கதவைத் தடவித் திறந்து இடப்பக்கம் ஏறினார்.

அந்தப் பன்னிரண்டு நிமிஷத்தைப் பவுடர் சாகும்வரை மறக்கமாட்டாள். பின்சீட்டில் இரண்டு கையாலும் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ரவுண்டானாவில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு குறுக்கே புகுந்தது. அம்மா பிரேக்கைத் தொட்டு, விலகி, இடைவெளி வந்ததும் போய்விட்டாள். இருபத்தாறு வருஷமாக அடுத்தவருக்காக பிரேக் போட்டுப் பழகிய அப்பாவின் கால், பெடலுக்கு மேலே தூக்கியபடியே இருந்தது. இறங்கவே இல்லை. பாலம் தாண்டியபோது அந்தக் காலை அவர் மெதுவாக இழுத்துச் சீட்டுக்கடியில் வைத்துக்கொண்டார்.

“நல்லா எடுத்தே” என்றார்.

“கண்ணைத் திறக்காமலே எப்படித் தெரியும்?”

“ரோட்டைப் பாத்து ஓட்டு” என்றார் அப்பா. அம்மா சிரித்தாள்.

கிளினிக்கில் நர்ஸ் பார்த்த பார்வையில் மூன்று பேருமே தலையைக் குனிந்துகொண்டார்கள். டாக்டர் மட்டும் சிரித்தார். “ரொம்ப அழகா போட்டிருக்கீங்க, அதான் பிரச்சினை. ஒண்ணும் ஆயிடல. எல்லாத்தையும் எடுத்துட்டு மறுபடி மெல்லிசா பூசுவோம். ஆனா தோல் புண்ணா இருக்கு, தேய்க்கக் கூடாது.”

“நான் எடுக்கிறேன் டாக்டர்” என்றாள் பவுடர். “போட்டதைத் தேய்க்காம எடுக்கிறதுதான் என் தொழில்ல பாதி.”

டாக்டர் நர்ஸைப் பார்த்தார். நர்ஸ் ஈரத் துணிகளை நீட்டினாள். பவுடர் கையைக் கழுவி, கையுறை மாட்டி, தலையில் ஆரம்பித்தாள். ஈரத்தை வைத்து, ஊறவிட்டு, மேலே தூக்கி எடுத்தாள். அடியிலிருந்து சிவப்பு மறுபடி எட்டிப் பார்த்தது. இன்றைக்கு அந்தச் சிவப்பைப் பார்த்து அவளுக்கு வந்தது சந்தோஷம்.

கன்னம் முடிந்து காதுக்கு வந்தாள். காது மடலின் மேல் விளிம்பு. ஈரத் துணியை எடுத்தபோது விரல் நின்றது. மறுபடி தொட்டாள். தலையில் இருந்தவை மேலே மட்டும்தான் சொரசொரப்பு. இது அப்படி இல்லை. அடியில் ஏதோ கெட்டியாக இருந்தது. லேசாகத் தொட்டதற்கே அப்பா முகத்தைச் சுளித்தார்.

“டாக்டர், இந்த இடத்தை ஒரு தடவை தொட்டுப் பாக்கிறீங்களா? இது மத்தது மாதிரி இல்ல.”

டாக்டர் தொட்டார். விளக்கை இழுத்துவைத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். காலையில் இதன் மேல் பொருக்கு மூடியிருந்தது என்றார். பிறகு நிதானமாகப் பேசினார். “இதுக்கு இந்த மருந்து பூச வேண்டாம். மரத்துப்போக ஊசி போட்டு ஒரு துணுக்கு எடுத்து அனுப்புவோம். வியாழக்கிழமை முடிவு வரும். எதுவா இருந்தாலும் சின்னதா இருக்கும்போதே பிடிச்சிருக்கோம், எடுத்துடலாம். நல்ல விரல்மா உனக்கு.”

அம்மா, “வியாழக்கிழமையா?” என்று இரண்டு தடவை கேட்டாள். அப்பா மட்டும், “பாத்தீங்களா, பவுடர் போட்டதாலதான் திரும்பி வந்தோம். திரும்பி வந்ததாலதான் இது தெரிஞ்சுது. என் பொண்ணு தப்புப் பண்ணினாக்கூட லாபம்தான்” என்றார். பவுடருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

பன்னிரண்டே காலுக்கு அப்பா கிளினிக்கின் வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காதில் பிளாஸ்திரி. தலையும் கன்னமும் நெருப்புச் சிவப்பு. மேகம் இருந்தாலும் பரவாயில்லை, வெளிச்சம் போதும், மழைதான் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பவுடர் போனில் இரண்டு மணி நேரத்தை ஓடவிட்டாள். மூன்று பேரும் வானத்தையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

ஒரு மணிக்குப் பச்சைக் கார் வந்து நின்றது. அதன் மாஸ்டர் நாலு டீயோடு இறங்கினார். “முன்னாடி ஒட்டியிருந்த ‘எல்’லை எடுக்காமலே வந்துட்டீங்க அக்கா. வழியில பிடிச்சா என்ன சொல்லுவீங்க?” என்று அதை உரித்துக் கொடுத்தார்.

அம்மா கையில் இப்போது இரண்டு ‘எல்’. அப்பாவைப் பார்த்தாள்.

“என்ன பாக்கிறே? சொல்லிக் குடுத்தவர்கிட்ட குடு” என்றார் அப்பா.

அம்மா ஒன்றைக் கொடுத்தாள். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். இன்னொன்றை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள். “இது பவுடருக்கு. அடுத்த மாசம் ஆரம்பிக்கிறா. நீங்கதான் சொல்லித் தரப்போறீங்க. காலைல ஏழு மணிக்கு. பதினொண்ணுலேருந்து மூணு வரைக்கும் இனிமே வகுப்பு கிடையாது.”

“அந்த நேரத்துல நிறையப் பேர்…”

“கிடையாது. கண்ணாடி ஏத்தித்தான் இருக்கணும். முழுக்கைச் சட்டை. தொப்பி. க்ரீம் நான் பூசிவிடுறேன். பெல்ட் போடாம வண்டியை எடுக்கக் கூடாதுன்னு ஊருக்கே சொல்லிக் குடுக்கிறீங்க இல்ல? இதுவும் அப்படித்தான்.”

பச்சைக்கார் மாஸ்டர் டீயைக் கீழே வைத்தார். தயங்கித் தயங்கித் தன் இடது சட்டைக் கையை மடித்தார். “பாப்பா, நீ தொட்டுப் பாத்தா தெரியும்னு சொல்றாங்க. இங்க ஒண்ணு ரொம்ப நாளா இருக்கு.”

அவரும் இடப்பக்க ஜன்னல்காரர்தான். பவுடர் முழங்கைக்குக் கீழே விரலை ஓட்டினாள். உப்புத்தாள். “உள்ள போய்த் தேதி வாங்குங்க மாமா. இப்பவே.” அப்பா அவர் முதுகில் கை வைத்துத் தள்ளாத குறையாக அனுப்பிவைத்தார்.

இரண்டு மணிக்குக் காற்று மாறியது. தூசி எழுந்தது. பத்து நிமிஷம் பாக்கி இருக்கும்போது மேகம் தலைக்கு மேலே வந்துவிட்டது. அம்மா போய்க் காரை நாற்காலிக்கு ஒட்டி நிறுத்தி, கதவைத் திறந்துவைத்துக்கொண்டாள். ஐந்து நிமிஷம். அப்பா வானத்தைப் பார்த்து, “கொஞ்சம் பிரேக்கைப் பிடிப்பா” என்றார். இரண்டு நிமிஷம். பவுடர் வாய்விட்டு எண்ண ஆரம்பித்தாள். நர்ஸ்கூட வாசலுக்கு வந்து நின்றாள். போன் மணி அடித்தது. இரண்டே கால்.

நர்ஸ் மருந்தைத் துடைத்து எடுத்து, “இனி இன்னைக்கு முழுக்க வீட்டுக்குள்ளதான்” என்று சொல்லி முடிப்பதற்குள் முதல் துளி காரின் மேல் விழுந்தது. தேதி வாங்கிக்கொண்டு வந்த பச்சைக்கார் மாஸ்டர் தன் காருக்கும், மற்ற மூன்று பேரும் தங்கள் காருக்குமாகச் சிரித்துக்கொண்டே ஓடினார்கள்.

அப்பா பழக்கதோஷத்தில் முன்னால் இடப்பக்கக் கதவைத் திறந்தார்.

“அங்க வேண்டாம். பின்னாடி, நடுவுல” என்றாள் அம்மா. “ஜன்னலுக்குத் தள்ளி.”

இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக அப்பா தன் காரின் பின்சீட்டில் உட்கார்ந்தார். தொப்பியை எடுத்துத் தானாகவே வைத்துக்கொண்டார். காலை வைக்க இடம் தெரியாமல் கொஞ்ச நேரம் தடுமாறினார். மழை கொட்டியது. அம்மா வைப்பரைப் போட்டு, கண்ணாடியைச் சரிபார்த்து, காரை மெதுவாகத் தெருவுக்கு இறக்கினாள்.

“வியாழக்கிழமை காலைல எனக்கு ஒன்பது மணி வகுப்பு இருக்கு” என்றார் அப்பா.

“இல்ல. வியாழக்கிழமை காலைல நீங்க இதே இடத்துல உக்காந்திருப்பீங்க. நான் ஓட்டிட்டு இருப்பேன்.”

அப்பா தொப்பியைச் சரிசெய்துகொண்டார். கொஞ்ச தூரம் போனதும் பவுடரின் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். அந்தக் கையில்தான் அந்த விரல் இருந்தது. எத்தனையோ முகங்களைத் தொட்ட விரல். பூசும் முன்பே எது வறட்சி, எது தடிப்பு, எது காயம் என்று சொல்லிவிடும், ஒரு தடவைகூடத் தப்பியதில்லை என்று பவுடருக்கு அதைப் பற்றி எப்போதும் ஒரு பெருமை உண்டு. வியாழக்கிழமை ஒரே ஒரு தடவை அது தப்பாகப் போகட்டும் என்று அவள் வேண்டிக்கொண்டாள்.